நெருப்பெரிச்சல் டு ரொய்ட்லிங்கன்: ஜெர்மனியில் ஒரு எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர், ஜூனியர்களுக்கான பாடம்

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் பற்றி நம்ம கேம்பஸ்ல இரண்டு விதமான பேச்சுதான் ஓடுது. ஒன்று, "அங்க போனா சும்மா சுத்திட்டு வரலாம் மச்சி." இன்னொன்று, "அதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்குத்தான்." இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் எழுதி வைக்கலை. அதனால் குளிர்கால செமஸ்டருக்கு ரொய்ட்லிங்கன் போய்த் திரும்பியவன் என்ற முறையில், அடுத்து போகப் போகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும்படி இதை எழுதுகிறேன். டூரிஸ்ட் இடங்கள் இதில் கிடையாது. கிரெடிட், பரீட்சை, சமையல், குப்பை, பனியன், இவ்வளவுதான்.

என் ஊர் நெருப்பெரிச்சல். திருப்பூருக்கு வடக்கே, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. வீட்டுக்குக் கீழேயே அப்பாவோட ஜாப் ஒர்க் யூனிட். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து பத்து மெஷின்கூட இருக்காது. அம்மா செக்கிங். எங்க வீட்டில் மணி பார்க்கிறதே ஷிஃப்ட் கணக்கில்தான். ஒரு ஷிஃப்ட்டா, ஒன்றரை ஷிஃப்ட்டா. இதை எதுக்கு சொல்றேன்னா, ஜெர்மனிக்குப் போன பிறகுதான் இந்த விவரமெல்லாம் பாடத்துக்கு உள்ளேயே வரும்னு தெரிந்தது. அது பின்னால் வருது.

ஏன் ரொய்ட்லிங்கன்?

ஜெர்மனி என்றதும் நம்ம பசங்க மியூனிக், ஆகன், பெர்லின் என்றுதான் தேடுவார்கள். மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது சரி. துணி, நூல், பின்னல் படிக்கிறவர்களுக்கு வேறு மேப் இருக்கு. ஆகனில் ஆர்டபிள்யூடிஹெச் பல்கலையின் டெக்ஸ்டைல் இன்ஸ்டிட்யூட், டிரெஸ்டன் டியூ, முன்ஷன்கிளாட்பாக்கில் நீடர்ரைன் ஹோக்‌ஷூல, தெற்கே ரொய்ட்லிங்கன், அதற்கும் தெற்கே ஆல்ப்ஸ்டாட்-சிக்மரிங்கன். ரொய்ட்லிங்கன் கல்லூரி 1855இல் ஒரு நெசவுப் பள்ளியாகத் தொடங்கியது. ஸ்வெட்டர் பின்னும் பிளாட் நிட்டிங் மெஷினில் 'ஸ்டோல்' என்ற பெயர் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்டோல் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஊரில் இயங்கிய கம்பெனி. பக்கத்து ஊர் மெட்சிங்கன், ஹியூகோ பாஸ் பிறந்த இடம்.

ஜெர்மனியில் 'யூனிவர்சிட்டேட்' வேறு, 'ஹோக்‌ஷூல' வேறு. முதலாவது ஆராய்ச்சி பக்கம் சாய்ந்தது. இரண்டாவது தொழிற்சாலை பக்கம் சாய்ந்தது. பாடம் எடுக்கும் பேராசிரியர்கள் தொழிலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். காலண்டரும் வேறு. யூனிவர்சிட்டேட்டில் குளிர்கால செமஸ்டர் கணக்கு அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. ஹோக்‌ஷூலவில் செப்டம்பர் 1 முதல். நம்ம ஒற்றைப்படை செமஸ்டரோ ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடிஞ்சிடும். அங்கே பரீட்சை ஜனவரி கடைசி, பிப்ரவரி. ஆக, குளிர்கால செமஸ்டருக்குப் போனால் இங்கே அடுத்த செமஸ்டரின் முதல் மாதங்கள் அடிபடும். ஹெச்ஓடியிடம் முதலில் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

கணக்கு ஒன்று: காசு

எக்ஸ்சேஞ்சில் போகிறவர் டியூஷன் ஃபீஸ் கட்டுவது நம்ம கல்லூரிக்குத்தான், அங்கே இல்லை. ரொய்ட்லிங்கன் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து முழு டிகிரிக்கு வருகிறவர்களிடம் 2017 குளிர்காலத்திலிருந்து செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஒப்பந்தத்தின்படி வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு அது கிடையாது. செமஸ்டர் பைட்ராக் என்று ஒரு சின்னத் தொகை மட்டும் வரும். மாணவர் சேவை, கேன்டீன் எல்லாம் அதில் அடக்கம்.

பெரிய தொகை வேறு இடத்தில். விசாவுக்கு, அங்கே தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாணவருக்கு அது மாதம் 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5952 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்தால் 5,95,200 ரூபாய். இதை 'ஷ்பெர்கோன்டோ' என்ற பூட்டிய கணக்கில் முன்னாடியே போடணும். அங்கே போனதும் மாதத்துக்கு 992 என்று அதுவே விடும்.

பனியன் கம்பெனி வைத்திருக்கும் வீட்டில்கூட ஆறு லட்சம் என்பது ஒரு ஷிப்மெண்ட் பேமெண்ட் மூன்று மாதம் இழுத்தால் காணாமல் போகும் பணம். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஏன் கண்ணு, இந்தக் காசு செலவா, டெபாசிட்டா?" சரியான கேள்விங்க. பதில்: டெபாசிட் மாதிரி தெரியும் செலவு. பணம் உங்களுக்கே திரும்ப வரும், ஆனால் வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு என்று அங்கேயே கரைந்துவிடும். சிக்கனமாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும்.

பப்ளிக் ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாணவருக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் வரும். ஹாஸ்டல் ரூம் மாதிரி இருக்கும் 'வோன்ஹைம்' கிடைத்தால் வாடகை தாங்கும். வெளியே ரூம் எடுத்தால் சொல்லவே வேண்டாம். ரூமுக்கு அட்மிஷன் மெயில் வந்த அன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள். விமான டிக்கெட்டைவிட அது அவசரம்.

ஸ்காலர்ஷிப் பக்கம்: டாட் என்று நாம் சொல்லும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு 1925இல் தொடங்கியது, சென்னையில் அவர்களுக்கு மையம் இருக்கு. 'பாடன்-வுர்ட்டம்பெர்க் ஸ்டிபெண்டியம்' என்று மாநிலத்தின் உதவித்தொகை ஒன்று உண்டு. அதற்கு நாமே நேராக விண்ணப்பிக்க முடியாது. அந்த மாநிலத்துக் கல்லூரி வழியாகத்தான் போகணும். இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் அது 120, 240. 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. ஆனால் ஒரு செமஸ்டருக்காக வந்தவருக்கு, ஜெர்மன் தெரியாமல், முதல் இரண்டு மாதத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

கணக்கு இரண்டு: கிரெடிட்

இதுதான் இந்தக் கட்டுரையின் நடு முதுகெலும்பு. காசு போனால் சம்பாதிச்சுக்கலாம். கிரெடிட் மாறாமல் போனால் ஒரு செமஸ்டர் போச்சு.

ஐரோப்பாவில் கிரெடிட்டை ஈசிடிஎஸ் என்பார்கள். ஒரு செமஸ்டருக்கு 30. நம்மூரில் வாரத்துக்கு ஒரு மணி நேர லெக்சருக்கு ஒரு கிரெடிட் என்று போகும். அதாவது வாத்தியார் பேசுகிற நேரத்தை அளக்கிறோம். அங்கே அளப்பது மாணவன் உழைக்கிற நேரத்தை. ஒரு ஈசிடிஎஸ் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 5 ஈசிடிஎஸ் பாடம்; கிரெடிட்டுக்கு 30 மணி என்றால் மொத்தம் 150 மணி. வகுப்பு வாரம் 4 பீரியட். அங்கே கணக்குக்கு ஒரு பீரியட் 45 நிமிஷம். 15 வாரம் வைத்தால் 60 பீரியட், அதாவது 45 மணி நேரம். 150இல் 45 போக மீதி 105. அந்த 105 மணி நேரம் டைம்டேபிளில் எங்கேயும் இருக்காது. வாரத்துக்கு 7 மணி, ஒரே ஒரு பாடத்துக்கு. ஆறு பாடம் என்றால்? டைம்டேபிள் காலியாக இருக்கே, செவ்வாய்க்கிழமை லீவு மாதிரி இருக்கே என்று குஷியாகிறவர்கள் எல்லாம் ஜனவரியில் லைப்ரரியில் தூங்குகிறார்கள்.

போவதற்கு முன் 'லேர்னிங் அக்ரிமெண்ட்' என்று ஒரு பேப்பர். அங்கே என்ன பாடம் படிப்பேன், அது இங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதை மூன்று பேர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வது: நீங்கள், நம்ம கல்லூரி, அந்தக் கல்லூரி. அங்கே போனதும் ஒரு பாடம் நேரம் இடிக்கும், இன்னொன்று ஜெர்மனில் மட்டும்தான் நடக்கும். மாற்றினால் பேப்பரையும் மாற்றிப் புதுசாகக் கையெழுத்து வாங்குங்கள். "சார் ஒத்துக்கிட்டார்" என்பது கிரெடிட் ஆகாது.

மார்க்கும் தலைகீழ். 1.0 என்றால் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நடுவில் 1.3, 1.7, 2.0, 2.3 என்று படிகள். நம்ம மார்க்கை அவர்கள் மாற்ற ஒரு ஃபார்முலா வைத்திருக்கிறார்கள். திருத்திய பவேரிய ஃபார்முலா என்று பெயர். அதிகபட்ச மார்க்கிலிருந்து நாம் எடுத்ததைக் கழி, அதை, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு, 3ஆல் பெருக்கு, 1 கூட்டு. சிஜிபிஏ 8.2, உச்சம் 10, பாஸ் 5 என்றால்: 10 − 8.2 = 1.8, 1.8 ÷ 5 = 0.36, மூன்றால் பெருக்கினால் 1.08, ஒன்று கூட்டினால் 2.08. நல்ல மார்க்தான்.

திரும்பி வரும்போது இதையே பின்னோக்கிப் போடலாம். அங்கே 2.3 வாங்கினால்: 1.3ஐ மூன்றால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் சுமார் 2.17, பத்திலிருந்து கழித்தால் 7.83. ஆனால் நம்ம கல்லூரி இப்படித்தான் மாற்றும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மார்க் மாற்றுவார்களா, வெறும் பாஸ் என்று போடுவார்களா என்பதைப் போவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்த பிறகு பேசினால் பேச்சு நீளும்.

வகுப்பு எப்படி இருக்கும்

டைம்டேபிளில் நேரத்துக்குப் பக்கத்தில் சில இடங்களில் 'சி.டி.' என்று போட்டிருப்பார்கள். லத்தீன் சுருக்கம். 10 மணி சி.டி. என்றால் வகுப்பு 10.15க்கு. 'எஸ்.டி.' என்றால் 10 என்றால் 10. கோயில் மணியை வைத்து நேரம் பார்த்த காலத்து வழக்கம் என்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் யாரும் கை தட்டுவதில்லை. மடக்கிய விரலால் மேஜையைத் தட்டுவார்கள். முதல் நாள் கேட்டதும் ஏதோ எதிர்ப்புப் போராட்டம் என்றே தோன்றும். அது நன்றி.

அட்டெண்டன்ஸ் பெரும்பாலான லெக்சரில் எடுக்கமாட்டார்கள். நம்ம 75 சதவீதத்தில் வளர்ந்தவனுக்கு இது சொர்க்கம் மாதிரி. லேபுக்கு மட்டும் கட்டாயம். இன்டர்னல் மார்க் என்ற கைத்தாங்கல் கிடையாது. நிறையப் பாடத்தில் கடைசியில் எழுதும் ஒரே 'கிளவ்சூர்' தான் மொத்த மார்க். அந்தப் பரீட்சைக்கும் தனியாகப் பதிவு செய்யணும். கோர்ஸில் பேர் இருந்தால் போதாது. பதிவு செய்ய ஒரு குறிப்பிட்ட காலம் தருவார்கள், அது முடிந்தால் கதவு சாத்தியாச்சு. என்னோடு இருந்த ஒரு பிரேசில் பெண் செமஸ்டர் முழுக்க முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பதிவு செய்யலை. எழுத விடலை. யாரும் கோபப்படவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை.

பழைய கேள்வித்தாளை 'ஆல்ட்கிளவ்சூர்' என்பார்கள். மாணவர் சங்கத்திடம், அதாவது 'ஃபாக்‌ஷாஃப்ட்'டிடம் கேட்டால் கிடைக்கும். நம்ம கொஸ்டின் பேங்க்தான். தயங்காமல் கேளுங்கள், அங்கே அது தப்பில்லை.

தப்பு எது என்றால் ரெக்கார்டு காப்பி. நம்மூரில் லேப் ரெக்கார்டை முன்னாடி வருஷ அண்ணாவிடம் வாங்கி எழுதுவது ஒரு குடும்பச் சொத்து மாதிரி கைமாறும். அங்கே ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், இதை நானே எழுதினேன், வேறு எங்கிருந்து எடுத்ததையும் குறிப்பிட்டிருக்கிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒரு பாராவை எடுத்துப் போட்டுக் கையெழுத்தும் போட்டால், அது சோம்பேறித்தனம் இல்லை, பொய் சத்தியம். பாடத்தில் 5.0.

திருப்பூர் ஒரு ஸ்லைடு

இப்போது, வீட்டுக்குக் கீழே இருக்கும் மெஷின்களை ஏன் சொன்னேன் என்ற இடத்துக்கு வருகிறேன்.

ரொய்ட்லிங்கனில் 'டெக்ஸோவெர்சும்' என்று டெக்ஸ்டைல் பிரிவுக்கு ஒரு கட்டடம். 2023இல் திறந்தது. முன்பக்கம் முழுக்கக் கார்பன் நார், கண்ணாடி நார், ரோபோ சுற்றிய வலை. கட்டடமே ஒரு துணி. பணம் கொடுத்தது அந்த வட்டாரத்து டெக்ஸ்டைல் முதலாளிகள் சங்கம். நம்ம ஊரிலும் நிஃப்ட்-டீ கல்லூரி எக்ஸ்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் முயற்சியில் வந்ததுதான் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். நம்பலை.

சப்ளை செயின் பற்றிய செமினார். ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம்: பெரிய கம்பெனிகள் தங்களுக்குப் பொருள் செய்து கொடுக்கும் வெளிநாட்டு இடங்களில் தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் எப்படி இருக்கிறது என்று கவனிக்கணும். முதலில் 3000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு, 2024 முதல் 1000 பேருக்கு மேல். நம்ம ஊர் கம்பெனிகளுக்கு அடிக்கடி ஆடிட்டர் வருகிறார், ஃபயர் எக்ஸிட் எங்கே, ஓவர்டைம் ரெஜிஸ்டர் எங்கே என்று கேட்கிறார் என்றால் அதன் ஒரு கயிறு இப்படிப்பட்ட இடங்களில்தான் கட்டியிருக்கு.

ஒரு குரூப் பிரசன்டேஷனில் திருப்பூருக்கு ஒரு ஸ்லைடு. நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர். ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம். ஒரு போட்டோ. முடிந்தது. பிறகு பேராசிரியர் திரும்பி, "நீங்கள் அந்த ஊர்தானே?" என்றார்.

அந்த நிமிஷத்துக்கு முன்கூட்டித் தயாராக இருப்பதுதான் எக்ஸ்சேஞ்ச் மாணவனின் உண்மையான வீட்டுப்பாடம் என்று நினைக்கிறேன். இரண்டு சுலபமான பதில் இருக்கு. "அதெல்லாம் பொய், எங்க ஊரைக் கேவலப்படுத்தறீங்க" என்பது ஒன்று. "ஆமாங்க, எங்க ஊர் அப்படித்தான்" என்று தலையைக் குனிவது இன்னொன்று. இரண்டும் படித்தவன் சொல்லும் பதில் இல்லை.

நொய்யல் கெட்டது உண்மை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனதும் உண்மை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஊரே நின்றது. அப்போது நான் சின்னப் பையன். கரண்ட் இருந்தும் மெஷின் ஓடாத வாரங்கள் ஞாபகம் இருக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற முறைக்குப் பட்டறைகள் மாறின. ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், எவாபரேட்டர், உப்பைத் திரும்ப எடுப்பது. இதற்கு ஆகும் செலவு ஒரு கிலோ துணியின் சாயக் கூலியில் வந்து உட்காருகிறது. அந்தக் கூடுதல் காசை பையர் கொடுக்கிறாரா? இதைத்தான் திருப்பிக் கேட்டேன். சட்டம் இங்கே எழுதப்படுது, ஆடிட் செலவும் எவாபரேட்டர் செலவும் அங்கே விழுது, டீஷர்ட் விலை மட்டும் ஏன் ஏறலை?

அரை மணி நேரம் விவாதம் போச்சு. யாரும் ஜெயிக்கலை. ஒரு பெண், "அப்படியானால் சட்டம் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை. எங்க அம்மா உட்கார்ந்து செக்கிங் பண்ற இடத்தில் காற்று வரணும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து போகிற பொண்ணு பத்திரமாக வீடு சேரணும். சட்டம் வேணும். பில்லை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. இதற்கு இப்போதும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் அந்த ஸ்லைடு அடுத்த வாரம் மூன்று ஸ்லைடாக மாறி வந்தது.

நீங்கள் எந்த ஊராக இருந்தாலும், சிவகாசியோ ஆம்பூரோ ஓசூரோ, உங்கள் ஊர்த் தொழிலின் நல்லது கெட்டதை வருஷத்தோடும் எண்ணோடும் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கே உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு முன்னாலேயே யாராவது ரிப்போர்ட் படித்திருப்பார்கள்.

பனியன் போன ஊர்

ஒரு சனிக்கிழமை ஆல்ப்ஸ்டாட் போனேன். ரொய்ட்லிங்கனிலிருந்து மலைமேல் ஏறிப் போகணும். எபிங்கன், டைல்ஃபிங்கன் என்று இரண்டு ஊர்களையும் மற்றவற்றையும் 1975இல் சேர்த்துச் செய்த நகரம். நிட்டிங் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் பெயர் தெரியாமலே தெரியும். மாயர் அண்ட் சீ சர்க்குலர் நிட்டிங் மெஷின், 1905இல் டைல்ஃபிங்கனில் தொடங்கிய கம்பெனி. குரோஸ்-பெக்கெர்ட் ஊசி, எபிங்கனில் 1852இல் தொடங்கிய வேர். நம்ம ஊரில் நிட்டிங் ஆபரேட்டரிடம் "எந்த நீடில்ணா?" என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லும் பெயர்.

டைல்ஃபிங்கன் ஒரு காலத்தில் முழுக்க டிரிகோ ஊர். டிரிகோ என்றால் நம்ம பனியன் துணி. தெருவுக்குத் தெரு பின்னலாடைக் கம்பெனி. 1970களிலிருந்து ஒவ்வொன்றாக மூடியது. கூலி குறைந்த நாடுகளுக்கு ஆர்டர் போனது. அந்த நாடுகளில் ஒன்று நாம். இப்போது ஒரு பழைய கம்பெனிக் கட்டடத்தில் 'மாஷன்மியூசியம்' என்ற பின்னல் அருங்காட்சியகம். உள்ளே பழைய வட்டப் பின்னல் மெஷின்கள், தையல் மெஷின் வரிசைகள். பக்கத்து ஊர் புர்லாடிங்கனில் டிரிகெமா என்ற கம்பெனி இன்னும் ஜெர்மனியிலேயே டீஷர்ட் தைக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்கள்.

மியூசியத்தில் அந்தத் தையல் வரிசையைப் பார்த்தபோது சிரிப்பு வரலை. எங்க வீட்டுக் கீழ்த்தளத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த மாதிரி இருந்தது.

பனியன் போனது. ஆனால் ஊசியும் மெஷினும் தங்கின. தைத்துக் கொடுப்பது எங்கே கூலி குறைவோ அங்கே போகும். ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பகுதியை அளந்து ஊசி செய்கிற கை அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது. பக்கத்திலேயே கோயம்புத்தூரில் எல்எம்டபிள்யூ 1962லிருந்து ஸ்பின்னிங் மெஷின் செய்கிறது. நூற்பதற்கு மெஷின் செய்யத் தெரிந்த வட்டாரம், பின்னுவதற்கும் தைப்பதற்கும் மட்டும் ஏன் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறது? மெக்கானிக்கல் பசங்க யாராவது இதை ஃபைனல் இயர் பிராஜெக்டாக எடுத்துப் பாருங்களேன். ஒரு சிங்கர், ஒரு ஊசி, ஒரு சென்சார் போதும் ஆரம்பிக்க.

ரூம், குப்பை, தாளிப்பு

இனி வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

வீடு எடுத்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் 'அன்மெல்டுங்', அதாவது விலாசப் பதிவு. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேணும். இது இல்லாமல் அடுத்தடுத்த வேலை பலதும் நிற்கும். வந்து கொஞ்ச நாளில் ரேடியோ-டிவி கட்டணம் என்று மாதம் 18.36 யூரோவுக்குக் கடிதம் வரும். டிவி இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். அது வீட்டுக்கு ஒன்று, டிவிக்கு இல்லை. பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறு கடை கிடையாது. நம்ம ஊரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறுதான் சந்தையே. அங்கே சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பால், அரிசி எல்லாம் வாங்கிடணும். ராத்திரி 10க்கு மேல் சத்தம் கூடாது. கண்ணாடி பாட்டிலைக் கலர் பிரித்துப் போடும் தொட்டி தெருவில் இருக்கும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம். பிளாஸ்டிக் பாட்டில், கேன் வாங்கும்போது 25 சென்ட் டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள். கடையில் இருக்கும் மெஷினில் திரும்பப் போட்டால் காசு. 'ஃபாண்ட்' என்று பெயர். நம்ம சோடா கடைப் பழக்கம்தானே, இதுக்கு எதுக்கு ஆச்சரியம் என்று அம்மா கேட்டாங்க. நியாயம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்று 'கேர்வோக': படிக்கட்டு, வாசல் பெருக்கும் வாரம். முறை உங்களுடையது என்றால் கதவில் ஒரு அட்டை தொங்கும். வாசல் தெளித்துக் கோலம் போடும் ஊரிலிருந்து போனவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. சொல்லப்போனால் அங்கே எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு இதற்குத்தான்.

தாளிக்கும்போது கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்கள். ஒவ்வொரு ரூமிலும் புகை அலாரம். வரமிளகாய் அதற்குத் தீ விபத்து. குளிரில் ஜன்னலே திறக்காமல் இருந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதனால் தினமும் இரண்டு மூன்று தடவை ஐந்து நிமிஷம் முழுசாகத் திறந்து மூடுவது அங்கே ஒரு மதம் மாதிரி. ஸ்வெட்டருக்குத் திருப்பூரிலிருந்தே 300 ஜிஎஸ்எம் ஃபிளீஸ் கொண்டு போங்கள். மேல் கோட்டும் ஷூவும் அங்கே வாங்கிக்கலாம்.

கல்லூரி கேன்டீன் பெயர் 'மென்ஸா'. வெஜ் தினமும் இருக்கும். ஷ்பேட்ஸ்லெ என்ற மாவுப் பண்டம் பழகிடும். ஜனவரி 6க்கு அடுத்த வியாழன் இந்த ஊருக்கு மட்டும் 'முட்ஷெல்டாக்': நட்சத்திர வடிவ ரொட்டிக்காகத் தாயக்கட்டை உருட்டுவார்கள். நாங்கள் ஆறு பேர், ஐந்து நாடு, ஒரு மேஜை. மொழி தேவைப்படலை.

டிசம்பரில் காலை 8 மணிக்கு மேல்தான் விடியும், நாலரைக்கு இருட்டு. முதல் வாரம் அழகு. மூன்றாவது வாரம் ஏன் எழுந்திருக்கணும் என்று தோணும். இது சோம்பல் இல்லை, வெளிச்சம் பற்றாமை. மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் வெளியே நடங்கள். தொடர்ந்து தூக்கமும் பசியும் கெட்டால் மாணவர் சேவை மையத்தில் உளவியல் ஆலோசனை இருக்கு, இலவசம், போங்கள். என் பக்கத்து ரூம் இந்தியப் பையன் நவம்பரிலிருந்து அறையை விட்டு வரலை. "எல்லாம் ஓகே" என்றே வீட்டுக்கு வீடியோ காலில் சொன்னான். நாங்கள் இரண்டு பேர் கூட்டிக்கொண்டு போனோம். அவன் பரீட்சை எழுதினான்.

ஸ்டுட்கார்ட்டில் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. முருங்கைக்காய், கறிவேப்பிலை, சிவப்பரிசி. 1980களில் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் கட்டிய வாழ்க்கை அது. வடக்கே ஹாம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. கடைக்கார ஐயா, "தம்பி எந்த ஊர்?" என்றார். திருப்பூர் என்றேன். தன் சட்டைக் காலரைத் திருப்பி லேபிளைக் காட்டிச் சிரித்தார். கறிவேப்பிலைக்குக் காசு வாங்கலை.

திரும்பும் முன்

கடைசி மாதத்தில் செய்ய வேண்டியது. வீட்டுக்காரருக்கு நோட்டீஸ், ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்று முதல் நாளே பாருங்கள்; மூன்று மாதம் என்பது சாதாரணம். ஊர் அலுவலகத்தில் 'அப்மெல்டுங்', விலாசத்தை நீக்குவது. இன்ஷூரன்ஸையும் ரேடியோ கட்டணத்தையும் எழுத்தில் நிறுத்துவது. பூட்டிய கணக்கில் மீதி இருந்தால் எடுக்க அந்த அப்மெல்டுங் பேப்பர் கேட்கலாம். 'எக்ஸ்மாட்ரிகுலட்சியோன்' சான்று, கல்லூரியிலிருந்து பெயர் நீக்கியதற்கு. டிரான்ஸ்கிரிப்ட் பரீட்சை முடிந்து சில வாரம் கழித்துத்தான் வரும், சீல் வைத்த காப்பி இரண்டு கேளுங்கள். எல்லாப் பேப்பரையும் ஸ்கேன் செய்து உங்களுக்கே ஒரு மெயில்.

லேர்னிங் அக்ரிமெண்ட்டின் கடைசிப் பக்கம் கையெழுத்து முழுசாக இருக்கிறதா என்று ரூமைக் காலி செய்வதற்கு முன் பாருங்கள். எனக்கு அங்கே ஐந்து பாடம், இங்கே நான்குக்கு ஈடு கொடுத்தார்கள். ஐந்தாவது, அந்த சப்ளை செயின் செமினார், நம்ம சிலபஸில் அதற்குச் சமமான பாடமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் புதுசாக ஒரு எலெக்டிவ் கேட்டு டிபார்ட்மெண்டில் மனு கொடுத்திருக்கிறோம், பதினொரு பேர் கையெழுத்தோடு. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் டெக்ஸ்டைல் லேபுக்கு வெளியே இருக்கும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள்.